மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசமா?

வாசகர் கேள்வி:

ஐயா, நாங்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். கணவருக்கு உப்பளத்தில் வேலை. பங்குப் பிரச்சினையால் அவருடைய அண்ணன் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் வீடு முச்சந்தியில் இருக்கிறது. போன அமாவாசைக்கு மறுநாள் காலையில் வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழமும் உடைந்த முட்டையும் கிடந்தன. எட்டு வயது மகனுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை கொடுத்து வருகிறோம். மழைக்காலம் முடிந்த பிறகும் கணவரைக் கண்டிராக்டர் வேலைக்குக் கூப்பிடவில்லை. இரவில் யாரோ என் நெஞ்சில் ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது. கண் திறந்திருக்கும், கைகால் அசையாது. எங்கள் ஊருக்கு வந்த ஓர் ஊழியர், "உன் ஓரகத்தி செய்வினை வைத்திருக்கிறாள், 30,000 ரூபாய் காணிக்கை வைத்து விடுதலைக் கூட்டம் நடத்த வேண்டும், மாத்திரையை நிறுத்தினால்தான் கர்த்தர் கிரியை செய்வார்" என்றார். மகனையும் அழைத்துக்கொண்டு முழு இரவு ஜெபத்துக்குப் போனோம். மறுநாளே அவனுக்கு வலிப்பு வந்தது. பிசாசு கோபப்படுகிறான் என்கிறார். கம்மலை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு விசுவாசம் போதவில்லையா? இந்த எதிர்ப்பை எப்படி ஜெயிப்பது?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், ஒன்றுக்கு மட்டும் இன்றே பதில் வேண்டும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். மகனுடைய மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலோ, சில வேளைகள் தவறியிருந்தாலோ, நீங்களாக அளவைக் கூட்டிக் கொடுக்காமல், இதைப் படித்த கையோடு அவனைப் பார்த்துவரும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை அடங்கியிருந்த வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நினைவு திரும்பாமலே வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மாத்திரையை விடும் காலம் வந்தால் அதை மருத்துவரே சொல்வார். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பே இல்லாதிருந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிப்பார்கள். அப்போதும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

முழு இரவு ஜெபத்துக்குப் போய்வந்த மறுநாள் வலிப்பு வந்ததைப் பிசாசின் கோபம் என்று அந்த ஊழியர் உங்களுக்கு விளக்கியிருக்கிறார். தூக்கம் கெடுவதும், மாத்திரை வேளை தவறுவதும், காய்ச்சலும் வலிப்பைத் தூண்டும் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த உண்மை. எட்டு வயதுப் பிள்ளை ஒலிபெருக்கிச் சத்தத்தின் நடுவே விடியவிடியக் கண்விழித்துப் பாயில் உட்கார்ந்திருந்தான் என்றால், மறுநாள் வந்த வலிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அன்றிரவு மாத்திரை கொடுத்தீர்களா என்பதையும் நினைத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இனி அவனை அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அழைத்துப் போகவும் வேண்டாம், அவனை உபவாசம் இருக்க வைக்கவும் வேண்டாம். பிள்ளை தன் நேரத்துக்குத் தூங்குவதைத் தேவன் குறைவாக எண்ணுவதில்லை.

வலிப்பு வரும்போது நம் ஊர்களில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள்; நாக்கைக் கடித்துவிடக் கூடாதென்று வாயில் கரண்டியை வைப்பார்கள். சாவியால் வலிப்பு நிற்பதில்லை. கரண்டியால் பல் உடையலாம், மூச்சு அடைக்கலாம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, இடித்துக்கொள்ளக்கூடிய பொருள்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் கத்திப் பிசாசை அதட்டவும் வேண்டாம். பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து மெல்லிய குரலில் ஜெபம்பண்ணுங்கள், நினைவு திரும்பும்போது அவன் முதலில் கேட்பது அம்மாவின் குரலாக இருக்கட்டும்.

மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று சொல்கிறவர்களுக்கு வேதமே பதில் வைத்திருக்கிறது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைத் தாங்குவார்கள் என்று சொன்னவன் சோதனைக்காரன். அவன் காட்டிய ஆதாரமும் வசனந்தான். நம் வீடுகளில் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் 91-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த வசனம். ஆண்டவர் குதிக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் சொன்னார். படி இருக்கும்போது படியில் இறங்காமல் மேலிருந்து குதித்து, தேவன் தாங்குகிறாரா என்று பார்ப்பதை அவர் விசுவாசம் என்று ஏற்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு மாத்திரைதான் படி. தாங்கும் கிருபை தேவனுடையது என்று நம்புகிற நீங்கள், அவர் கொடுத்திருக்கும் படியில் இறங்குவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

அந்த ஊழியர் மாற்கு 9-ஆம் அதிகாரத்தை உங்களுக்குக் காட்டியிருக்கக்கூடும். அங்கே ஒரு பிள்ளை தரையில் விழுந்து நுரைதள்ளிப் புரண்டதும், அவனைப் பிடித்திருந்த ஆவியை இயேசு துரத்தியதும் எழுதப்பட்டிருக்கின்றன. அதை நான் அப்படியே நம்புகிறேன். ஆனால் மத்தேயு 4:24, இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள் (அதாவது வலிப்பு உள்ளவர்கள்), திமிர்வாதக்காரர் என்று வெவ்வேறாகவே சொல்கிறது. எல்லா வலிப்பும் பிசாசினால் வருகிறது என்று சுவிசேஷம் எங்கும் சொல்லவில்லை. அதோடு மாற்கு 9-இல் ஆண்டவர் நடந்துகொண்ட விதத்தையும் கவனியுங்கள். "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று" என்று தகப்பனிடம் பொறுமையாக விசாரித்தார். எந்த உறவுக்காரரின்மேலும் பழி போடவில்லை, காணிக்கை கேட்கவில்லை. இன்று உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகனும் அந்த எழுவரில் ஒருவனாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நம் திருச்சபைகளின் வழக்கமும் இதுதான். சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள்தான் 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள்; 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையிடந்தான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஜெபத்தையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கும் போதனை நம் முன்னோர் நமக்குக் கொடுத்ததல்ல. பவுலோடு கூடவே இருந்த லூக்காவும் வைத்தியன்தான்.

இனி, எதிர்ப்பைப் பற்றி. பிசாசு என்று ஒருவன் இல்லை, எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று நான் சொல்லப்போவதில்லை. "உங்கள் எதிராளியாகிய பிசாசானவன் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் எவனை விழுங்கலாமோ என்று வகைதேடிச் சுற்றித்திரிகிறான்" என்று பேதுரு எழுதியதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் அவர் வைத்திருப்பது, "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" என்ற கட்டளை. சிங்கத்தின் கெர்ச்சிப்பைக் கேட்டுக் கலங்கி ஓடுகிறவர்களைவிட, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிதானமாய்ப் பார்க்கிறவர்களே பிழைப்பார்கள். ஆகவே உங்கள் வீட்டுக்குள் எதிராளி எந்த வழியாக நுழைகிறான் என்பதை நாம் பயமில்லாமல் பார்ப்போம்.

சர்வாயுதவர்க்கத்தை, அதாவது விசுவாசி தரித்துக்கொள்ள வேண்டிய தேவனுடைய முழுப் போர்க்கவசத்தைப் பற்றிய எபேசியர் 6-ஆம் அதிகாரம் எந்த ஊராருக்கு எழுதப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். எபேசு மாயவித்தைக்குப் பேர்போன பட்டணம். அங்கே விசுவாசிகளானவர்களில் அநேகர் தங்கள் மாயவித்தைப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள் என்றும், அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்றும் அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே அதிகாரத்தில் ஸ்கேவா என்பவனுடைய ஏழு குமாரர் இயேசுவின் நாமத்தை ஒரு மந்திரம்போல் உச்சரித்து ஆவிகளை ஓட்டப் பார்த்து, அடிபட்டு, நிர்வாணமாய் ஓடிய நிகழ்ச்சியும் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்த விசுவாசிகளுக்குப் பவுல் எதைக் கொடுத்தார்? எதிர்மந்திரம் கொடுக்கவில்லை; எண்ணெய்க் குப்பியோ, வாசலில் கட்டக் கயிறோ அனுப்பவில்லை. சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சிப்பு, தேவவசனம் ஆகியவற்றைத் தரித்துக்கொண்டு, ஜெபத்தில் விழித்திருந்து, நிற்கச் சொன்னார். வெற்றியைப் புதிதாகச் சம்பாதிக்கும்படி சொல்லவில்லை, ஏனென்றால் கிறிஸ்து துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிந்துகொண்டு சிலுவையிலே வெற்றிசிறந்தார் என்று கொலோசெயருக்கு அவரே எழுதியிருக்கிறார்.

"மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்று அந்த அதிகாரம் சொல்வதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். உங்கள் ஓரகத்தி மாம்சமும் இரத்தமும் உள்ள ஒரு பெண். வேத வார்த்தையின்படி அவர் உங்கள் எதிரி ஆக முடியாது. சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இதுதான். எலுமிச்சம்பழத்தை வைத்தவர் யார் என்று நீங்கள் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த ஊழியர் ஒரு பெயரைச் சொன்ன நாளிலிருந்து நீங்கள் ஒரே குடும்பத்துப் பெண்ணைச் சூனியக்காரியாக மனத்தில் வைத்திருக்கிறீர்கள். எபேசியர் 4-ஆம் அதிகாரத்தில், சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று சொன்ன உடனே பவுல் எழுதுவது, "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்பது. பிசாசு நுழைய வழி எது என்று அந்த நிருபத்தைக் கேட்டால், வாசலில் கிடந்த பழத்தை அது காட்டாது. ஆறாத கோபத்தையே காட்டும்.

அந்தப் பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீடு முச்சந்தியில் இருக்கிறது, அது கிடந்தது அமாவாசைக்கு மறுநாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமாவாசையன்று திருஷ்டி கழித்துச் சுற்றிய பொருள்களை முச்சந்தியில் போடுவது நம் ஊர்களில் பலர் வீட்டு வழக்கம். அது உங்களைக் குறித்து வைக்கப்படாமலே இருந்திருக்கலாம். ஒருவேளை யாரேனும் கெட்ட எண்ணத்தோடு வைத்திருந்தாலும், "காரணமில்லாமல் இட்ட சாபம் தங்காது" என்று நீதிமொழிகள் 26:2 சொல்கிறது. யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை என்று, சபிக்கக் கூலி பேசி அழைத்துவரப்பட்ட பிலேயாமின் வாயே சொல்ல வேண்டியதாயிற்று. இன்னொரு முறை அப்படி எதையாவது பார்த்தால் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, அடுப்பு வேலையைப் பாருங்கள். அதற்கென்று தனியாக ஒரு ஜெபக்கூட்டம்கூட வேண்டாம். அந்தப் பழத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டியதில்லை.

இரவில் நெஞ்சை அமுக்குவதற்கு நம் பாட்டிமார் அமுக்குவான் என்று பெயர் வைத்திருந்தார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். அந்த நிலை விலகுவதற்குள் மனம் மட்டும் விழித்துக்கொண்டால் கண் திறந்திருந்தும் கைகால் அசையாது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோலவும் மார்பில் பாரம் ஏறுவதுபோலவும் தோன்றும். சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும். தூக்கக் குறைவும், மனப்பாரமும், மல்லாந்து படுப்பதும் அதை அதிகமாக்கும். கணவருக்கு வேலையில்லாமல், பிள்ளைக்கு எப்போது வலிப்பு வருமோ என்று பாதி விழிப்பில் படுத்திருக்கும் தாய்க்கு அது வருவதில் ஆச்சரியமில்லை. ஒருக்களித்துப் படுங்கள், படுக்கும்முன் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லுங்கள், அது வரும் நேரத்தில் வாய் அசையாவிட்டாலும் மனத்துக்குள் இயேசுவே என்று சொல்லி, ஒரு விரலை அசைக்க முயலுங்கள். பயம் தணிய இதுவே பெரும்பாலும் போதும். அடிக்கடி வந்தாலோ, பகலிலும் மனம் தாழ்ந்து சோறு இறங்காமல் இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தோன்றினாலோ, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் தெளிந்த புத்தியைச் சேர்ந்ததுதான்.

கணவரின் வேலையைப் பொறுத்தவரை, எல்லாத் தடைக்கும் ஒரே பெயர் கிடையாது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். தெசலோனிக்கேயாவுக்கு வர முடியாதபடி சாத்தான் தடைபண்ணினான் என்று எழுதிய அதே பவுலை, ஆசியாவில் வசனம் சொல்லாதபடி தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அவர் ஏறிய கப்பல் உடைந்ததற்கோ, அவருடைய எச்சரிப்பைக் கேளாமல் மாலுமியின் பேச்சைக் கேட்டுப் பருவம் தப்பிப் புறப்பட்டதுதான் காரணமாயிருந்தது. கணவர் நேரில் போய்க் கண்டிராக்டரிடம் காரணம் கேட்கட்டும். பக்கத்து அளங்களிலும் விசாரிக்கட்டும். காரணம் தெரிந்த பிறகு அதற்கேற்றபடி ஜெபிக்கலாம்.

30,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கம்மலை அடகு வைக்காதீர்கள். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று சொல்லித்தான் ஆண்டவர் சீஷர்களைப் பிசாசுகளைத் துரத்த அனுப்பினார். தேவனுடைய வரத்தைப் பணத்தால் சம்பாதிக்க நினைத்த சீமோனிடம் பேதுரு என்ன சொன்னார் என்பதை அப்போஸ்தலர் 8-இல் வாசியுங்கள். விடுதலைக்கு விலை பேசுகிறவர், ஒரு குடும்பத்தின்மேல் சூனியப் பழி போடுகிறவர், பிள்ளையின் மருந்தைப் பிடுங்கச் சொல்கிறவர், இந்த மூன்றையும் ஒரே வாயால் சொல்லியிருக்கும்போது, அவருடைய வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று சோதித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. கோபமாகப் பேச வேண்டாம். இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று கணவர் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள்.

உங்களுக்கு விசுவாசம் போதவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்கு 9-இன் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடே சொன்னான். பாதி நம்பிக்கையும் பாதி கலக்கமுமான அந்த வார்த்தையைக் கேட்டு இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, இன்னும் கொஞ்சம் விசுவாசம் சேர்த்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். பேதுருவைச் சாத்தான் கோதுமையைப்போலச் சுளகினால் புடைக்க உத்தரவு கேட்டபோது, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் ஆண்டவர். சுளகில் புடைபடும்போது தானியம் தன் பலத்தால் சுளகைப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. உங்களுக்காக வேண்டிக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் இவ்வளவு நடந்தும் நீங்கள் இன்னும் அவரைப் பற்றியே கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். அதை விசுவாசம் இல்லாமை என்று நான் எண்ணவில்லை.

நிற்பது தனியாக நிற்பதும் அல்ல. விசுவாசத்துக்கு ஒப்பாகப் பவுல் சொன்ன கேடகம், ரோமப் போர்வீரர்கள் வரிசையாக நின்று ஒருவர் கேடகத்தோடு ஒருவர் கேடகம் சேர்த்துப் பிடித்த பெரிய கேடகம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் சேகர குருவானவரிடம் நடந்தது முழுவதையும் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில், கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் ஒரு மாலை உங்கள் வீட்டில் அரைமணி நேரம் ஜெபிக்கக் கேளுங்கள். மகன் தூங்கும் நேரத்துக்கு முன் முடித்துவிடுங்கள். அந்த ஜெபத்தில் ஓரகத்தியின் பெயரையும் சொல்லுங்கள். சாபம் முறிய வேண்டும் என்று சொல்லாமல், அவர் பிள்ளைகளுக்குப் படிப்பும் சுகமும் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் சில நாள்கள் வார்த்தை வராது. வராவிட்டாலும் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள்.

பங்கை விட்டுக்கொடுக்கும்படி நான் சொல்லவில்லை. நெகேமியா காலத்தில் எதிராளிகள் சூழ்ந்தபோது எருசலேமில் இருந்தவர்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள், அலங்கத்தையும், அதாவது நகர மதிலையும், 52 நாளில் கட்டி முடித்தார்கள். நியாயமான பங்கைப் பெரியவர்களை வைத்தோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசத்தின் மூலமாகவோ எழுத்தில் முடித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அந்தப் பேச்சில் எலுமிச்சம்பழத்தை இழுக்காதீர்கள். நிரூபிக்க முடியாத அந்த ஒரு வார்த்தையை நீங்கள் அந்தக் குடும்பத்தின்மேல் வீசிவிட்டால், அதற்குப் பிறகு நிலத்தைப் பிரித்தாலும் மனம் சேராது.

எபேசியர் நிருபத்தை எழுதும்போது பவுல் சங்கிலியில் இருந்தார். தன் சங்கிலி கழன்று விழ வேண்டும் என்று அங்கே அவர் ஜெபம் கேட்கவில்லை. சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேச வேண்டும் என்று கேட்டார். உங்கள் மகனின் வலிப்பு முற்றிலும் நிற்க வேண்டும் என்றே நான் ஜெபிக்கிறேன். அது மாத்திரையாலேயே நின்றாலும் அதைக் கர்த்தர் செய்ததாகவே சபையில் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நிற்க நாளானால், அதை வைத்து உங்களையோ அவனையோ யாரும் குற்றவாளியாக்க இடங்கொடாதீர்கள். இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது வலிப்பு வந்த தேதிகளையும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும், முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாத்திரை வாங்கப் பணம் இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுப்பார்கள். மருத்துவர் சொன்னதையும், குருவானவர் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்